ஆல்டன்பர்க் மரக்குடிலில் எழுந்த கேள்வி: மிசௌரியில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வியாழன். செயின்ட் லூயிஸ்

மிசௌரி என்பது அமெரிக்காவின் ஒரு மாநிலம் என்று பூகோளப் பாடத்தில் படிப்பதற்கு முன்பே எனக்கு அது ஒரு மிஷனின் பெயராகத் தெரியும். ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை' என்ற முழுப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது எந்தச் சபை என்று விசாரித்தால் 'மிசௌரி மிஷன்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 1895இல் கிருஷ்ணகிரியில் அந்த மிஷனைத் தொடங்கிய தியோடர் நேத்தர், 1904இல் பிளேக் நோய்க்குப் பலியானவர். அவரை அனுப்பியவர்கள் யார், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற விசாரணைதான் அக்டோபர் மாதத்தின் இந்தக் கடைசி வாரத்தில் என்னைச் செயின்ட் லூயிஸ் நகரில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது.

இன்று கன்கார்டியா இறையியல் கல்லூரி வளாகத்தைப் பார்த்துவிட்டு, நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் கார்ல் ஃபெர்டினாண்ட் வில்ஹெல்ம் வால்தரின் நினைவு மண்டபத்துக்கும் போய்வந்தேன். மிசௌரி சபையின் முதல் தலைவர் அவர், 1887இல் இறந்தார். கல்லூரி பெரியது, அழகானது. எனினும் என் மனம் அங்கே தங்கவில்லை. இந்தக் கல்லூரியும், இந்தச் சபையும், ஆம்பூரில் எங்கள் தெருமுனை ஆலயமும் இங்கிருந்து தெற்கே நூறு மைல் தொலைவில், காட்டுக்குள் கட்டப்பட்ட ஒரே ஒரு மரக்குடிலில் வேர் கொண்டவை. நாளை அங்கே புறப்படுகிறேன்.

அதற்குமுன் அந்தக் குடிலைக் கட்டிய ஜெர்மானியர் ஏன் கடல் கடந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் இருந்து வெளியேறிய பழைய லுத்தரன்கள் என்றதும், பிரஷ்ய மன்னர் 1817இல் லுத்தரன் சபையையும் கால்வின் மரபைச் சேர்ந்த சீர்திருத்தச் சபையையும் கட்டாயமாக இணைத்ததே காரணம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தென் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களுக்கு அது பொருந்தும். இவர்களோ சாக்ஸனி நாட்டார். அங்கே அந்த இணைப்பு நடக்கவில்லை. இவர்களை வாட்டியது வேறொன்று. அன்றைய சாக்ஸனியின் பிரசங்க மேடைகளில் பகுத்தறிவு வாதம் ஏறி அமர்ந்திருந்தது. நல்லொழுக்கத்தைப் பற்றி அழகாகப் பேசிய போதகர்களிடம் பாவமன்னிப்பைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்தத் தாகத்தோடு டிரெஸ்டன் நகரின் புனித யோவான் ஆலயத்துக்கு வந்தவர்களுக்கு, மார்ட்டின் ஸ்டீஃபன் என்ற போதகரின் எளிய பிரசங்கம் தண்ணீராக இருந்தது. மொராவியாவில் பிறந்து, நெசவுத் தொழில் செய்து, பிறகு படித்துப் போதகரானவர் அவர். உழவர்கள், கைத்தொழிலாளர்கள், வழக்குரைஞர்கள், லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மனம் உடைந்திருந்த இளம் இறையியல் மாணவர்கள் என எல்லாரும் அவரைச் சுற்றிச் சேர்ந்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவர்தான் வால்தர்.

இரண்டாம் நாள், வெள்ளி. ஆல்டன்பர்க்

55ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, பெரி கவுன்ட்டியில் கிளைச் சாலைக்குத் திரும்பியதும் நிலம் மேடும் பள்ளமுமாக மாறிவிடுகிறது. ஓக் மரங்கள் செம்பழுப்பாகியிருக்கின்றன. அறுவடை முடிந்த சோள வயல்களில் தட்டை மட்டும் நிற்கிறது. ஆல்டன்பர்க் சில நூறு பேர் மட்டும் வாழும் ஊர். ஊருக்குள் நுழையும்போதே திரித்துவ லுத்தரன் ஆலயத்தின் கோபுரம் தெரிந்துவிடும். இப்போதைய ஆலயம் 1867இல் எழுந்தது. அதற்கு முந்திய 1845ஆம் ஆண்டின் கல் ஆலயமும் இடிக்கப்படாமல் நிற்கிறது.

1838 நவம்பரில் ஏறத்தாழ எழுநூறு பேர் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் ஐந்து கப்பல்களில் ஏறினார்கள்: கோப்பர்னிகஸ், யோஹான் கேயோர்க், ரிபப்ளிக், ஓல்பர்ஸ், அமாலியா. தங்கள் வீட்டையும் நிலத்தையும் விற்ற பணத்தைப் பொது நிதியில் போட்டிருந்தார்கள். அது ஒரு லட்சம் தாலருக்கும் (அன்றைய ஜெர்மன் வெள்ளி நாணயம்) மேல். டிசம்பர் கடைசி நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள் நான்கு கப்பல்கள் ஒவ்வொன்றாக நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தன. அமாலியா வரவேயில்லை. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். எங்கே மூழ்கியது, எந்த நாளில் மூழ்கியது என்பது எவருக்கும் தெரியாது. மற்றவர்கள் நீராவிப் படகுகளில் மிசிசிப்பி நதியில் ஏறிச் செயின்ட் லூயிஸ் வந்து, ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த கிறிஸ்து ஆலயத்தார் இடம் தந்ததால் அங்கே ஆராதனை நடத்தினார்கள். பலர் அமாலியாவுக்காக நெடுநாள் காத்திருந்தார்கள். பெரி கவுன்ட்டியில் நாலாயிரத்து நானூறு ஏக்கருக்கும் சற்று அதிகமான நிலம் வாங்கப்பட்டது. பிறந்த மண்ணின் பெயர்களையே அதற்கு இட்டார்கள்: விட்டன்பெர்க், ஆல்டன்பர்க், டிரெஸ்டன், ஃப்ரோனா, சீலிட்ஸ், யோஹானிஸ்பெர்க்.

அருங்காட்சியகத்தை ஒட்டி அந்த மரக்குடில் இருக்கிறது. ஏறத்தாழ பதினாறு அடிக்கு இருபத்தோரு அடி அளவுள்ள ஒரே அறை. 1912இல் பழைய இடத்திலிருந்து இதைப் பெயர்த்துப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடிமரங்களைக் கோடாரியால் செதுக்கிய தடம் இன்னும் தெரிகிறது. ஒவ்வொரு வெட்டும் உள்ளங்கை அகலத்துக்கு, சற்றுச் சாய்வாக, ஒரே கை வெட்டியதுபோல் வரிசையாகப் போகிறது. மரங்களின் இடைவெளியில் பூசிய காரை சில இடங்களில் விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. அக்டோபர் காற்றே அதன்வழி உள்ளே வந்தது என்றால், டிசம்பரில் இங்கே உட்கார்ந்து படித்த பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன்.

பிள்ளைகள் என்று சொல்வதற்குக் காரணம், இது ஒரு பள்ளிக்கூடம். 1839 ஆகஸ்டில், சொந்தமாகச் சரியான கூரைகூட இல்லாத நிலையில், வால்தர், ப்ரோம், ஃபியூர்பிரிங்கர், பியூங்கர் என்ற நான்கு இளைஞர்கள் செயின்ட் லூயிஸின் ஜெர்மன் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். மார்க்கக் கல்வியோடு லத்தீன், கிரேக்கம், எபிரேயம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம், வரலாறு, புவியியல், கணிதம், இயற்பியல், இயற்கை வரலாறு, தத்துவத் தொடக்கப் பாடம், இசை, ஓவியம் ஆகியவை கற்பிக்கப்படும் என்று அதில் இருந்தது. அருங்காட்சியகத்தில் அந்தப் பட்டியலை நின்று இரண்டு முறை படித்தேன். அந்த ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி பள்ளி திறந்தது. பையன்களோடு பெண்பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். 1849இல் இது செயின்ட் லூயிஸுக்கு மாறியது; நேற்று நான் பார்த்த கன்கார்டியா கல்லூரியின் ஆரம்பம் இதுதான்.

அந்தப் பள்ளி தொடங்கிய ஆண்டே சபை சிதறிப்போகும் நிலையில் இருந்தது. கடற்பயணத்தின்போதே, 1839 ஜனவரியில் ஓல்பர்ஸ் கப்பலில் ஸ்டீஃபன் பேராயராக்கப்பட்டார். குடியேறியவர்கள் அவருக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். பொது நிதி அவர் விருப்பப்படி கரைந்தது. மக்கள் காட்டில் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் கிடக்க, பேராயருக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மே 5ஆம் தேதி செயின்ட் லூயிஸில் போதகர் லோபர் பிரசங்கம் செய்த பிறகு, பெண்கள் அவரிடம் வந்து ஸ்டீஃபன் தங்களிடம் நடந்துகொண்ட விதத்தை அறிக்கையிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்டீஃபன் பதவி பறிக்கப்பட்டு, சபையிலிருந்து விலக்கப்பட்டு, படகில் ஏற்றப்பட்டு ஆற்றுக்கு அக்கரையில் இல்லினாய் கரையில் இறக்கிவிடப்பட்டார்.

அந்தப் பெண்கள் வாய் திறந்ததைத்தான் இந்தச் சபையின் வரலாற்றில் முதல் துணிவாக நான் எண்ணுகிறேன். கடல் கடந்து, சொத்தை விற்று, மொழி தெரியாத நாட்டில், தங்கள் ஆத்துமாவின் காவலர் என்று நம்பியவரைப் பற்றி அவர்கள் பேசினார்கள். அதே நேரத்தில், ஸ்டீஃபனை வெளியேற்றிய முறை எனக்கு உறுத்துகிறது. முறையான விசாரணை இல்லை. அது கோபம் கொண்ட கூட்டத்தின் வேகத்தில் நடந்தது. இரண்டையும் ஒருசேரச் சொல்வதே நேர்மை என்று நினைக்கிறேன்.

அருங்காட்சியகத்தில் இருந்த மூதாட்டி, நான் இந்தியாவிலிருந்து வந்த லுத்தரன் என்று அறிந்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டீஃபனைப் பற்றிக் கேட்டேன். தம் தாத்தா காலத்தில் அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்கவே மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள், சனி. ஃப்ரோனா

ஆல்டன்பர்க்குக்குப் பக்கத்து ஊர்தான் ஃப்ரோனா. இதன் போதகராக வந்த எர்ன்ஸ்ட் கைல், சாக்ஸனியில் ஃப்ரோனா என்ற ஊரில் ஊழியம் செய்தவர். தம் சபையாரில் பலரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தே அழைத்துவந்துவிட்டார். இங்கே முதல் குடியேறிகளின் மரவீடுகளையும் களஞ்சியங்களையும் நினைவிடமாகக் காத்துவருகிறார்கள். உழுகருவிகள், நூற்கும் இராட்டை, முட்டைக்கோஸ் சீவும் பலகை என்று எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வந்தவர்களில் பலருக்குக் காடு வெட்டிப் பழக்கமில்லை. முதல் கோடையிலும் அடுத்து வந்த கோடைகளிலும் நதியோரத்துக் குளிர்காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போனது. போதகர்கள் மரம் வெட்டினார்கள். மாலையில் அடக்க ஆராதனை நடத்தினார்கள்.

உடல் நோயைவிடக் கடுமையானது மனத்தின் நோய். ஸ்டீஃபன் போன பிறகு மக்கள் கேட்ட கேள்வி இது: ஒரு பொய்யரின் பின்னால் வந்துவிட்டோம், தாய்நாட்டுச் சபையைப் பிரிந்துவந்து பாவம் செய்துவிட்டோம், அப்படியிருக்க, நாம் சபையா? நம் போதகர்கள் உண்மையில் போதகர்களா? அவர்கள் தரும் ஞானஸ்நானமும் திருவிருந்தும் செல்லுமா? சிலர் திருவிருந்துக்குப் போவதையே நிறுத்தினார்கள். போதகர்களில் சிலர் தாங்கள் ஊழியம் செய்யலாமா என்றே கலங்கினார்கள். வால்தரும் கலங்கினார், டிரெஸ்டன், யோஹானிஸ்பெர்க் குடியிருப்புகளின் ஊழியத்தை விட்டுவிட்டார். நோயுற்று, ஃப்ரோனாவில் கைல் வீட்டில் வந்து படுத்தார். கைலின் மனைவி வால்தருடைய சகோதரி. கைலிடம் நல்ல நூலகம் இருந்தது. படுக்கையில் கிடந்தபடியே வால்தர் லுத்தரின் நூல்களை வாசித்தார். மாதக்கணக்கில் வாசித்தார்.

இன்று நண்பகலில் இங்குள்ள மரவீடு ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாசிப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போது வயது இருபத்தொன்பது. அவருடைய அண்ணன் ஓட்டோ ஹெர்மன் வால்தர் செயின்ட் லூயிஸ் சபையின் போதகராக இருந்து 1841 ஜனவரியில் இறந்துபோனார். அந்தச் சபை தம்பியை அழைத்தது. ஒப்புக்கொள்ளலாமா என்பதற்கும் அதே கேள்விக்குத்தான் முதலில் விடை வேண்டியிருந்தது.

விடையின் ஒரு பாதியைப் போதகர் அல்லாதவர்கள் தந்திருந்தார்கள் என்பது பலர் சொல்லாமல் விடும் செய்தி. சாக்ஸனியின் டிரெஸ்டன் நகரில் ஆவணக் காப்பாளராக இருந்த கார்ல் எட்வர்ட் ஃபேஸே, 1839இலேயே போதகர்களின் அதிகாரத்தை எதிர்த்து எழுத்துமூலம் கண்டனம் தெரிவித்தார். சபையின் உரிமை விசுவாசிகள் அனைவருக்கும் உரியது என்று லுத்தரையே மேற்கோள் காட்டி வாதிட்டார். பிறகு மனம் வெறுத்து அந்த ஆண்டின் முடிவிலேயே ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். அவர் விட்டுச்சென்ற வாதத்தை வால்தர் எடுத்துக்கொண்டார்.

1841 ஏப்ரலில் ஆல்டன்பர்க்கில், நேற்று நான் நின்ற அந்த மரக்குடிலில், விவாதம் நடந்தது. ஒருபுறம் வழக்குரைஞர் அடால்ஃப் மார்பாக்: இங்கே சபை இல்லை, செய்த பாவத்தை அறிக்கையிட்டுத் தாயகம் திரும்புவதே வழி என்றார். மறுபுறம் வால்தர்: உண்மையான சபை என்பது விசுவாசிகள் அனைவரின் கூட்டம், தவறு செய்த கூட்டத்திலும் தேவ வசனமும் திருவருட்சாதனங்களும் இருந்தால் அங்கே சபை இருக்கிறது, ஒரு மனிதனின் வீழ்ச்சியால் அது அழிவதில்லை, அப்படிப்பட்ட கூட்டத்துக்குத் தன் போதகரை அழைக்கும் உரிமையும் உண்டு என்றார். தாங்கள் தவறவில்லை என்று அவர் சொல்லவில்லை. தவறினோம் என்பதை ஒப்புக்கொண்டபடியே பேசினார். மார்பாக் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அந்த ஆண்டிலேயே சாக்ஸனிக்குத் திரும்பினார். மக்கள் தங்கிவிட்டார்கள். வால்தர் செயின்ட் லூயிஸ் சபையின் அழைப்பை ஏற்றார். 1847 ஏப்ரலில் சிகாகோவில் மிசௌரி சபை உருவானபோது, உள்ளூர்ச் சபைக்கு அதில் கிடைத்த உரிமைக்கு இந்தக் குடிலில் பேசப்பட்டதே அடித்தளம்.

எங்கள் ஊரில் போதகர் மாற்றம் வரும்போதெல்லாம் சபைக் கூட்டத்தில் குரல் உயர்வதையும், பெரியவர்கள் எழுந்து நின்று 'அழைக்கிற உரிமை சபைக்குத்தான்' என்று பேசுவதையும் சிறுவயதில் கேட்டு அலுத்திருக்கிறேன். அந்தச் சொற்கள் எங்கே, எவ்வளவு கண்ணீருக்குப் பிறகு கிடைத்தவை என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது.

நான்காம் நாள், ஞாயிறு. ஆல்டன்பர்க், விட்டன்பெர்க்

சீர்திருத்தத் திருநாள் ஞாயிறு. பீடத்திலும் பிரசங்க மேடையிலும் சிவப்பு விரிப்பு. ஆராதனை ஆங்கிலத்தில் நடந்தது. முதல் உலகப் போர்க் காலம்வரை இந்த ஊர்களின் பிரசங்கமும் பள்ளியும் ஜெர்மனில்தான் இருந்தன. ராகங்கள் எனக்குத் தெரிந்தவை. பக்கத்தில் நின்றவர்கள் ஆங்கிலத்தில் பாட, நான் அதே ராகத்தில் தமிழ் ஞானப்பாட்டை மெல்லப் பாடினேன், சீர் பிசகவில்லை. முன்வரிசையில் நின்ற குழந்தை ஒன்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஆராதனை முடிந்ததும் ஆம்பூரில் இருக்கும் என் அத்தைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே இரவாகியிருந்தது.

"திருவிருந்துக்கு அங்கேயும் முழங்கால் போடுறாங்களாப்பா?" என்று கேட்டார்.

"ஆமாம் அத்தை, நம்ம ஊரு மாதிரியேதான்."

"அப்ப சரி," என்றார். நேத்தரையும் மோனையும் அனுப்பிய ஊர்க்காரர்களுக்குத் தம் தோத்திரத்தைச் சொல்லச் சொன்னார். அந்த இருவரும் லைப்சிக் மிஷனில் தமிழகத்தில் பணியாற்றிவிட்டு, வேதாகமத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் அதைவிட்டு விலகி, மிசௌரி சபையில் சேர்ந்து திரும்பிவந்தவர்கள். அந்த லைப்சிக் மிஷனும் 1836இல் சாக்ஸனியின் அதே டிரெஸ்டன் நகரில்தான் தோன்றியது. 1840களில் தரங்கம்பாடியின் பழைய டேனிஷ் மிஷன் பணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும் அதுவே. டிரெஸ்டனிலிருந்து புறப்பட்ட இரு வழிகள், ஒன்று மிசிசிப்பி வழியாகவும் ஒன்று நேராகவும், தமிழ்நாட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன.

பிற்பகலில் விட்டன்பெர்க் போனேன். குடியேறிகள் நீராவிப் படகிலிருந்து கால் வைத்த ஊர் அது. ஒருகாலத்தில் கடைகளும் ரயிலும் இருந்த இடத்தில் வெள்ளங்கள் அடுத்தடுத்து வந்தன; 1993ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊர் என்று சொல்ல ஏதும் மிச்சமில்லை. சேறும், காட்டுக்கொடியும், ஆற்றின் இரைச்சலும்தான். சற்றுக் கீழே டவர் ராக் என்ற பாறை நதி நடுவே மரங்களைச் சுமந்து நிற்கிறது. நீர் வற்றும் காலத்தில் அதுவரை நடந்தே போகலாம் என்கிறார்கள்.

கரையில் நின்றபோது இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சாக்ஸனியர் மிசிசிப்பியில் வடக்கே ஏறிவந்த அதே 1838-39 குளிர்காலத்தில்தான், தங்கள் நாட்டிலிருந்து ராணுவத்தால் விரட்டப்பட்ட செரோக்கி மக்கள், இங்கிருந்து தெற்கே கேப் ஜிராடோ அருகே பனிக்கட்டி மிதக்கும் இதே ஆற்றைக் கடந்து மேற்கே நடந்தார்கள். அதற்குமுன் இந்தப் பகுதியின் ஆப்பிள் ஓடைக் கரைகளில் ஷானி, டெலவேர் மக்களின் ஊர்கள் இருந்தன. முன்னோடிக் குடியேறிகள் என்ற சொல்லை இங்கே எல்லாரும் பெருமையோடு சொல்கிறார்கள். வந்தவர்களின் கஷ்டத்தை மதிக்கிறேன். அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் விலைக்குக் கிடைத்த மண், பிறர் இழந்த மண். இந்தச் சபையின் கதையை ஊரில் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்வேன்.

ஐந்தாம் நாள், திங்கள். இல்லினாய்

காலையில் ஆல்டன்பர்க் கல்லறைத் தோட்டத்தை மறுபடியும் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். பழைய கற்களில் 'இங்கே தேவனில் இளைப்பாறுகிறார்' என்ற ஜெர்மன் வாசகத்தைத் தடவிப் படித்தேன். இந்தச் சபையை முதல் பத்து ஆண்டுகள் தாங்கிய போதகர் லோபர் 1849இல் இறந்தார். அந்தப் பெண்கள் முதலில் நம்பிச் சொன்னது அவரிடம்தான்.

செஸ்டர் பாலத்தின் வழியாக மிசிசிப்பியைக் கடந்தேன். ஸ்டீஃபனைப் படகில் கொண்டுபோன இடம் இதற்குத் தெற்கே இருக்கிறது. அவருக்கு ஒரு கோடாரியும் ஒரு மண்வெட்டியும் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. அவர் அதோடு மறைந்துவிடவில்லை. ரெட் பட் ஊருக்கு அருகே ஹார்ஸ் பிரேரி என்ற இடத்தில் ஜெர்மன் உழவர்களின் சிறு சபையொன்று கடைசியில் அவரைப் போதகராக ஏற்றது. சில மாதங்களே ஊழியம் செய்து, 1846இல் அங்கேயே இறந்தார்.

சுற்றிலும் அறுத்த வயல். ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவரை ஏற்றுக்கொண்ட அந்த உழவர்கள் எல்லாம் அறிந்தே ஏற்றார்களா என்று நின்று யோசித்தேன். யாரும் இல்லை, தொலைவில் ஒரு டிராக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூதாட்டியின் தாத்தா உச்சரிக்க மறுத்த பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். பிறகு, கடலில் போன அமாலியாவுக்காகவும், பெயர் எழுதப்படாத அந்தப் பெண்களுக்காகவும் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, செயின்ட் லூயிஸ் சாலைக்கு வண்டியைத் திருப்பினேன்.